பேர்ப்பலகை

பள்ளிக்கூடத் தோட்டத்துக்குத் தண்ணி சுமந்தது சேரிப் பிள்ளைகள் நாங்கள். செடிகளுக்குப் பேர்ப்பலகை எழுத வாத்தியார் ஊர்ப் பையன்களைத்தான் கூப்பிடுவார். பிரஷ்ஷைத் தொட்டதற்கு ஒருநாள் நான் வாங்கிய அடி இன்னும் வலிக்கிறது.

இப்போது என் வீட்டுக் கொல்லைக்கு நானே எழுதுகிறேன். தகரத்துண்டில் வெள்ளை எனாமல் அடித்துக் காயவைத்து, மேலே கறுப்பு. (வாட்டர் கலர் ஒரு தூறலுக்கே போய்விட்டது.) முதலில் தும்பை. எம்.ஏ.வில் படித்த புறத்திணைப் போர்ப்பூ. அம்மாவுக்கோ சளிக்குச் சாறு. அடுத்து குப்பைமேனி.

"என்னடா எழுதுன?"

வாசித்துக் காட்டினேன்.

"குப்பையா? அது பூனவணங்கிடா. செரங்குக்கு அத அரச்சுப் பூசித்தான ஒன்ன வளத்தேன்! நாம இருக்கிற எடத்துல மொளச்சா அதுவும் குப்பையா?"

மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு அவள் சொன்னபடியே எழுதினேன். இன்னும் பன்னிரண்டு தகரம் கிடக்கிறது. அவளைக் கேட்டுத்தான் எழுதவேண்டும்.