அகத்தியர் மலையும் காந்த ஊசியும்

"பூமிக்குள் ஒருவரும் போனதில்லை. உள்ளே இரும்புக் குழம்பு இருக்கிறதென்று எப்படியப்பா சொல்கிறார்கள்?" என்று என் மகன் கேட்டபோது நான் விழித்தேன். ருஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் மனிதன் இட்ட ஆழ்துளையே 12,262 மீட்டர்தான். பூமியின் நடுவிடமோ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது.

நிலநடுக்க அலைகள் ஒரு சாட்சி. குறுக்கலைகள் திரவத்தின் ஊடே செல்லமாட்டா. சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் அவை நின்றுவிடுகின்றன. மற்றொரு சாட்சி காந்தம். அதைப் பொறுமையாக விசாரித்த இடம் நம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது என்பதை நான் தாமதமாகத்தான் அறிந்தேன்.

சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837-ல், இங்கே வானாராய்ச்சிக் கூடம் நிறுவப்பட்டது. ஸ்காத்லாந்திலிருந்து 1852-ல் வந்து அதன் பொறுப்பேற்றவர் ஜான் ஆலன் பிரௌன். அவர் நாட்டில், மேலும் கீழும் அசையுமாறு அமைத்த காந்த ஊசி ஏறக்குறைய 70 பாகை தலை கவிழும். காந்த நடுக்கோட்டை ஒட்டிய நம் ஊரிலோ அது கிட்டத்தட்டத் தராசுக்கோல் போலக் கிடக்கும். கிடையாகச் சுழலும் ஊசியின் முனையும் நாள்தோறும் சற்றே இடமும் வலமும் ஆடும். உயரத்திற்கேற்ப அந்த ஆட்டம் மாறுமா என்று அறிய, 1855-ல் அகத்தியர் மலையின் உச்சியருகே ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்தில் பிரௌன் இன்னொரு கூடம் கட்டினார். யானைக் காடு, கடுங்காற்று, விடாத மழை. அங்கே விளக்கொளியில் ஊசியைப் பார்த்துப் பார்த்து எண்களைக் குறித்த உள்ளூர் உதவியாளர்களைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன்.

தினசரி ஆட்டம் மேல்வானத்து மின்னோட்டங்களால் விளைவது. ஆனால் ஊசிக்கு வடக்கைக் காட்டும் பெருவிசை, பூமியின் வெளிக்கருவில் புரளும் இரும்புக் குழம்பிலிருந்து வருகிறது. குழம்பு ஓயாததால் காந்த நடுக்கோடும் மெல்ல இடம் பெயர்கிறது. அக்கோட்டின் அருகாமையை நாடியே தும்பாவில் ஏவுதளம் அமைத்து, 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட்டை விட்டார்கள்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே, மகனை வானாராய்ச்சிக் கூடம் உள்ள குன்றுக்கு அழைத்துச் சென்றேன். எங்களுக்குள் ஒரு சிறு மனத்தாங்கல் இருந்தது. என் தந்தையாரின் திதிக்கு அம்பாசமுத்திரம் வரமாட்டேன் என்றிருந்தான். "அங்கே எனக்கு யாரைத் தெரியும்?" என்பது அவன் வாதம். பிறந்து வளர்ந்தது இங்கே. அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை.

என் தந்தையார் அகத்தியர் மலையை மேற்கே பார்த்து வளர்ந்தவர். பிழைப்புக்காக இங்கே வந்தபின் கிழக்கே பார்த்தார். "அதே மலைதானே" என்பார்.

அன்று மழை விட்டிருந்தது. சிறிது நேரம் மலை தெரிந்தது.

"அதற்கு அந்தப் பக்கமா தாத்தா ஊர்?" என்றான்.

"ஆம்" என்றேன்.

"ஊசி அங்கேயும் படுத்துத்தான் கிடக்குமா?"

"ஏறக்குறைய அப்படித்தான்."

"போய்ப் பார்த்தால்தான் தெரியும்" என்றான். மேகம் வந்து மூடும்வரை இருவரும் நின்றிருந்தோம்.