பிளம்ஸ் பச்சடி

வைகாசி பிறந்துவிட்டால் மேட்டுப்பாளையம் சாலையோரத் தள்ளுவண்டிகளில் பிளம்ஸ் குவிந்துவிடும். குன்னூர், கோத்தகிரிப் பக்கமிருந்து மலையிறங்கி வருவது. ஆடிக்குள் அதன் காலம் முடிந்துவிடும். பேரங்காடிகளில் பருவம் தப்பிக் கிடைக்கும் வெளிநாட்டுப் பழத்தை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பளபளப்பை நம்பிப் பிளம்ஸ் வாங்கக்கூடாது. தோலின்மேல் சாம்பல் பூத்தாற்போல ஒரு வெண்பூச்சு இருக்கவேண்டும். பழமே சுரக்கும் மெழுகு அது. பலரும் மருந்தென்று எண்ணி ஒதுக்கிவிடுகிறார்கள். காம்புக்குழியருகே விரல் வைத்தால் லேசாக இணங்கவேண்டும். நிறம் முழுதாக ஏறிய பழமென்றால், கல்லாக இருந்தாலும் செய்தித்தாளில் சுற்றிவைக்க இரண்டு மூன்று நாளில் கனிந்துவிடும். பிஞ்சில் பறித்தது மெத்தென்று ஆகுமே தவிர இனிக்காது. (கிறிஸ்துமஸுக்கு நம் பேக்கரிகள் விற்கும் பிளம் கேக்கில் இந்தப் பழத்தைத் தேடவேண்டாம். பழைய ஆங்கிலேயர்கள் உலர்திராட்சையையும் பிளம் என்றே அழைத்தார்கள்.)

2018-இல் அம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்தது. மருந்து ஏற ஏற நாக்கு செத்துப்போயிற்று. எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்கினாற்போல் இருக்கிறதென்று தட்டைத் தள்ளிவிடுவாள். உயிராக விரும்பும் அரிசியும் பருப்பும் சாதத்துக்கும் அதே கதிதான். எடை குறைந்ததால் அடுத்த தவணை மருந்து தள்ளிப்போனது. வாய்ப்புண் இல்லையென்றால் புளிப்பு கொடுத்துப் பாருங்கள் என்றார் செவிலி ஒருவர். புளிக்கரைசலின் வாசனையே அவளுக்கு ஆகவில்லை. பச்சையாகப் பழம் தரக்கூடாதென்றும் சொல்லியிருந்தார்கள். ஆகவே பிளம்ஸைச் சமைத்தேன்.

ஆறு பழத்தைத் தோலோடு நறுக்கிக் கொட்டையை நீக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு, மண்சட்டியில் சிறுதீயில் வேகவிட்டேன். புளிப்பும் நிறமும் தோலில்தான் இருக்கின்றன. உரித்தால் வெறும் இனிப்புக் கூழ்தான் மிஞ்சும். இரும்புச்சட்டி கூடவே கூடாது. புளிப்பு இரும்பின் சுவையை இழுத்துக்கொள்ளும். பழம் குழைந்த பிறகே நாட்டுச்சர்க்கரை, முன்பே போட்டால் துண்டுகள் விறைத்து நிற்கும். கடைசியில் கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளிப்பு.

முதல் நாள் இரண்டு கரண்டி. மூன்றாம் நாள், “இதென்ன கண்ணு, மாங்காப் பச்சடியாட்டவே இருக்குது” என்று சோற்றில் பிசைந்துகொண்டாள். இரண்டு வாரத்தில் எடை நின்றது. மருந்தும் தொடர்ந்தது.

ஆடியில் கிடைத்த கடைசி ஒரு கிலோவைக் காய்ச்சிப் புட்டியில் அடைத்தேன். ஆவணியில் அது தீர்ந்தபோது அவள் தக்காளி ரசத்துக்கு வந்திருந்தாள்.