விடத் தெரிந்தவர்களுக்கு ஒரு தேர்வு

2023 நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நிர்வாகவியல் கல்விக் கழகங்களில் இடம் தேடி அன்று நாடெங்கும் சுமார் 2.88 லட்சம் பேர் 'கேட்' பொது நுழைவுத் தேர்வு எழுதினார்கள். பெயர் பதிவு செய்திருந்தவர்கள் சுமார் 3.28 லட்சம். பொதுப் பிரிவினருக்குக் கட்டணம் 2,400 ரூபாய். 1961இல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இரண்டாகத் தொடங்கிய ஐ.ஐ.எம்.கள் இன்று இருபதைத் தாண்டிவிட்டன. ஆனால் வாசலில் நெரிசல் மட்டும் குறையவே இல்லை.

அன்று எழுதியவர்களில் ஒருவர் 25 வயதுப் பொறியியல் பட்டதாரி. புனேயில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வளர்ந்தது நாக்பூரின் அஜ்னி ரயில்வே குடியிருப்பில். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும். அப்பா கூட்ஸ் வண்டி கார்டு. 2022 ஜனவரியில் ரயில்வே கார்டு என்ற பெயரை 'டிரெயின் மேனேஜர்' என்று மாற்றியது. "நீ எம்.பி.ஏ. படிச்சு ஆகப்போறதை நான் பச்சைக்கொடி ஆட்டியே ஆயிட்டேன்" என்று மகளைச் சீண்டிக்கொண்டிருந்தார் அப்பா. சில மாதங்களில் ஓய்வும் பெற்றார்.

மகளுக்கு இது இரண்டாவது முயற்சி. முந்தைய ஆண்டு கிடைத்தது 91 பெர்சன்டைல். பள்ளிக்கூடக் கணக்கில் 91 என்றால் தெருவுக்கே இனிப்பு வழங்கலாம். இங்கே அதற்கு அர்த்தம் வேறு. எழுதியவர்களில் 91 சதவீதம் பேர் பின்னால் இருக்கிறார்கள், அவ்வளவுதான். முன்னால் நிற்கும் 9 சதவீதத்தைத் தலை எண்ணினால் இருபதாயிரத்தைத் தொடும்.

தோற்ற காரணத்தைத் தேடியபோது அவருக்குக் கிடைத்த பதில் ஆச்சரியமானது. கணக்கு தெரியாமல் அவர் தோற்கவில்லை. ஒரே ஒரு கணக்கை விடமுடியாமல் தோற்றிருந்தார். தரவுகளைப் படித்து விடை காணும் பகுதியில் ஒரு தொகுப்பைப் பிடித்துக்கொண்டு, இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று 17 நிமிடம் போராடியிருக்கிறார். வரவில்லை. மீதி 23 நிமிடமும் பதற்றத்தில் கரைந்துபோனது.

'கேட்' தேர்வின் அமைப்பே அப்படி. மொத்தம் 120 நிமிடம். ஆங்கில வாசிப்பு, தரவு மற்றும் தர்க்கம், கணிதம் என்று மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவவும் முடியாது, முந்தையதற்குத் திரும்பவும் முடியாது. 2023இல் கேட்கப்பட்டவை 66 கேள்விகள், 198 மதிப்பெண்கள். சரியான விடைக்கு மூன்று. கொடுத்த நான்கில் ஒன்றைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஒன்று பறிபோகும். நாமே தட்டச்சு செய்யவேண்டிய விடைகளுக்கு மட்டும் அந்தத் தண்டனை இல்லை. அந்த ஆண்டு மொத்த மதிப்பெண்ணில் பாதியைக்கூட எட்டாதவர்கள் 99 பெர்சன்டைல் வாங்கினார்கள். எல்லாவற்றையும் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எதைப் போடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிகிறதா என்பதுதான் சோதனை.

இந்தியப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இது சுலபத்தில் இறங்காத பாடம். "ஒரு கேள்வியையும் விடாதே, தெரியாவிட்டாலும் ஏதாவது எழுதிவிட்டு வா" என்று 12 ஆண்டுகள் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். அந்தப் பழக்கத்தை உதறவே அவருக்கு ஒரு முழு ஆண்டு தேவைப்பட்டது. காலை ஐந்து முதல் ஏழு வரை படிப்பு, பிறகு அலுவலகம், இரவில் ஒரு மணி நேரம் தனக்குச் சம்பந்தமே இல்லாத விஷயங்களைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகள். ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு. அதை எழுத இரண்டு மணி நேரம் என்றால், அலச நான்கு மணி நேரம். ஒரு 200 பக்க நோட்டில் தவறான விடைகளை மட்டும் எழுதி வந்தார். ஜூலைக்குப் பிறகு அதில் இன்னொரு பட்டியலும் சேர்ந்தது: 'விட்டிருக்க வேண்டியவை'. அக்டோபரில் அந்தப் பட்டியல் குறைய ஆரம்பித்தபோதுதான் மதிப்பெண் ஏற ஆரம்பித்தது.

வேறு சிலவற்றையும் விட வேண்டியிருந்தது. சித்தி மகள் கல்யாணம், தீபாவளிக்கு நாக்பூர், அலுவலகத்தில் இரவு நேர வேலை கேட்ட ஒரு பதவி உயர்வு. வரன் பார்க்கும் பேச்சை அம்மா எடுத்தபோதெல்லாம் "நவம்பர் முடியட்டும்மா" என்பதே பதில். "எந்த வருஷத்து நவம்பர்?" என்று அம்மா ஒருமுறை கேட்டார். மகளிடம் பதில் இல்லை.

டிசம்பரில் முடிவு வந்தது. தரவுப் பகுதியின் நான்கு தொகுப்புகளில் இரண்டை மட்டுமே தொட்டிருந்தார். கிடைத்தது 98.2 பெர்சன்டைல்.

அவ்வளவுதான், இனி எல்லாம் சுகம் என்று நினைப்பவர்களுக்கு விண்ணப்பக் கட்டம் வேறொரு பாடம் வைத்திருக்கிறது. 98.2 என்றாலும் முன்னால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அது தவிர ஒவ்வொரு ஐ.ஐ.எம்.மும் நேர்முகத்துக்கு அழைக்கத் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறது. 'கேட்' மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்கள், வேலை அனுபவம் எல்லாம் பல இடங்களில் சேர்கின்றன. பெண்களுக்கும், பொறியியல் அல்லாத படிப்பிலிருந்து வருபவர்களுக்கும் சில இடங்களில் கூடுதல் புள்ளிகள் உண்டு. பொறியாளர்கள் குவியும் இடம் என்பதால் இப்படி. பத்தாம் வகுப்புத் தேர்வின்போது அவர் டைபாய்டில் படுத்திருந்தார். எடுத்தது 78 சதவீதம். அந்தக் காய்ச்சல் பத்தாண்டு கழித்து மறுபடி வந்தது. பழைய, பெரிய ஐ.ஐ.எம்.கள் எதுவும் அவரை அழைக்கவில்லை. புதிய ஐ.ஐ.எம்.கள் பல சேர்ந்து நடத்தும் பொது நேர்முகத்துக்கும், வேறு இரண்டு கல்லூரிகளுக்கும் அழைப்பு வந்தது.

தேர்வு விடக் கற்றுக்கொடுத்தது என்றால், நேர்முகம் எதையும் விட விடுவதில்லை. முதல் நேர்முகத்துக்கு அவர் ரெப்போ வட்டி, பணவீக்கம், பட்ஜெட் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போனார். 'ஏன் எம்.பி.ஏ.?' என்ற கேள்விக்குப் பயிற்சி மையம் செதுக்கிக் கொடுத்த பதிலும் தயார். எதிரே இருந்தவர்கள் விண்ணப்பத்தில் அப்பாவின் வேலையைப் பார்த்தார்கள். சரக்கு வண்டியில் ரயில்வேக்கு லாபமா, பயணி வண்டியிலா என்று கேட்டார்கள். தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வராமல், தனியார்மயம் பற்றி ஏதோ பேசினார். 15 நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். அந்த இடம் கிடைக்கவில்லை.

அன்றிரவு நாக்பூருக்குத் தொலைபேசினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரேக் வேனில் உட்கார்ந்து போன மனிதரிடம் வேலையைப் பற்றி மகள் கேட்ட முதல் கேள்வி அது. "லூப் லைன்ல நிக்குது பாரு கூட்ஸ் வண்டி, அதுதாம்மா சம்பாதிக்குது. அதைத் தாண்டிப் பறந்து போற பாசஞ்சர் வண்டிக்கு டிக்கெட் காசு கட்டுபடியாகாது. சம்பாதிக்கிறவன் நிக்கணும், செலவழிக்கிறவன் போகணும்" என்றார் அப்பா. 2022 ஏப்ரலில் அனல் மின் நிலையங்களில் நிலக்கரி குறைந்தபோது இந்த வரிசை தலைகீழானதையும் சொன்னார். அப்போது பயணி வண்டிகளை ரத்து செய்து நிலக்கரி வண்டிகளுக்கு வழிவிட்டார்கள். பேச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது.

அடுத்த நேர்முகத்தில் ஏன் எம்.பி.ஏ. என்ற கேள்வி வந்தபோது செதுக்கிய பதிலை அவர் எடுக்கவில்லை. வெளிநாட்டுக் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதுவதாகவும், எந்தச் சரக்கு நிற்க வேண்டும், எது முதலில் போக வேண்டும் என்று யாரோ தீர்மானித்ததைத் தான் நிரலாக மாற்றுவதாகவும், அந்தத் தீர்மானம் எப்படிப் பிறக்கிறது என்று படிக்க விரும்புவதாகவும் சொன்னார். மே மாதம் இடம் கிடைத்தது.

மிச்சம் இருந்தது பணம். பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டாண்டுக் கட்டணம் அப்போது 25 லட்சத்தை ஒட்டி நின்றது. இவருக்கு 20 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஓய்வூதியப் பணத்திலிருந்து தருவதாக அப்பா சொன்னதை ஏற்கவில்லை. தன் பெயரில் கல்விக் கடன் வாங்கினார். விட்டுப்போகும் இரண்டாண்டுச் சம்பளம், வட்டி, படித்து முடித்ததும் வேலை கிடைக்கத் தாமதமானால் வரும் தவணை, எல்லாவற்றையும் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போட்டார். லாபம் நிச்சயம் என்று கணக்கு சொல்லவில்லை. தாங்க முடியும் என்று மட்டும் சொன்னது.

புனேயில் அவரோடு அறையைப் பகிர்ந்திருந்த தோழியும் இரண்டு முறை எழுதித் தோற்றவர். ஒரு முறை வாங்கிய மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும் என்பதால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2024 ஆகஸ்டில் மறுபடி விண்ணப்பம் திறந்தபோது தோழி யோசனை கேட்டார். பணம் கட்டும் முன் 'ஏன்' என்ற ஒரு கேள்விக்கு மட்டும் ஒரு தாளில் பதில் எழுதிப் பார்க்கச் சொன்னார் இவர், யாரும் செதுக்கித் தராத பதில். கடைசித் தேதி வரை அந்தத் தாளில் இரண்டு வரிக்கு மேல் ஏறவில்லை. தோழி அந்த ஆண்டு விண்ணப்பிக்கவில்லை. அலுவலகத்தில் கேட்காமல் வைத்திருந்த இடமாற்றத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாகத் தூங்குகிறாராம்.