பாவு மாற்றும் செலவு

ஜூன் மாத அகமதாபாத்தில் காலை ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிடுகிறது. லூயி கான் சதுக்கத்தின் மூன்று பக்கமும் செங்கல். பூச்சு இல்லை, வண்ணம் இல்லை. அடுக்கிய கல் அடுக்கியபடியே நிற்கிறது. சூட்கேஸ்கள் சக்கரம் கடகடக்க வந்துகொண்டிருக்கின்றன. அகன்ற படிகளில் குடும்பம் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். டெல்லித் தம்பதி ஒன்று மகனின் சட்டைக் காலரை மூன்றாவது முறையாகச் சரி செய்கிறது. பிகாரிலிருந்து வந்த ஓர் அம்மா ஸ்டீல் டப்பாவைத் திறந்து, மகள் மறுக்க மறுக்க ஒரு லட்டை அவள் வாயில் வைக்கிறார். பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்ன பையன் ஒருவன் தனியாக, ஒரே ஒரு முதுகுப்பையோடு நிற்கிறான்.

இந்திய மேலாண்மைக் கழகத்தில் புதிய மாணவர்கள் வந்து சேரும் நாள் இது. நான் யாருக்கும் பெற்றோர் இல்லை. சங்கரன்கோவிலிலிருந்து மகளோடு வந்திருக்கும் விசைத்தறிக்காரருக்கு இந்தியும் குஜராத்தியும் வராது என்று ஊர்க்காரர் ஒருவர் போன் போட்டார், இதே ஊரின் மணிநகரிலிருந்து வந்தேன். பதிவு மேசையோடு என் பேச்சு வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. மீதி நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்குப் புதுச் சட்டை. கடையில் மடித்து வைத்த கோடு நெஞ்சில் இன்னும் போகவில்லை. மகளின் சான்றிதழ்களைத் துணிப்பையில் தானே வைத்திருந்தார். வரிசை ஒரு அடி நகரும்போதெல்லாம் பைக்குள் கை போய்வந்தது. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிக் கடிதம். அந்த வங்கிக் கடிதத்தை மட்டும் தனி உறையில் போட்டிருந்தார். இங்கே இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும். இப்படிப்பட்ட நிறுவனம் என்றால் வங்கிகள் வீட்டுப் பத்திரம் கேட்காமலே கடன் கொடுக்கின்றன. ஆனால் அப்பாவோ அம்மாவோ இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போட்டிருக்கிறார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உறையை மேசையில் வைத்தபோது அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவி நேராக்கினார். இழை முடிந்து முடிந்து தழும்பேறிய விரல்.

வரிசையில் நின்ற பிள்ளைகள் பாதிப்பேர் ஒருவரையொருவர் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். சேர்க்கைக் கடிதம் வந்ததுமே வாட்ஸ்அப் குழு தொடங்கிவிடுகிறதாம். முகம் பார்த்ததும் கூவல், கட்டிப்பிடித்தல், எந்தக் கம்பெனி, எந்தக் கல்லூரி என்ற விசாரிப்பு. எல்லாம் ஆங்கிலத்தில், நடுநடுவே இந்தியில். சேர்க்கைக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வை ஆண்டுதோறும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் எழுதுகிறார்கள். இந்த வகுப்புக்கு வந்து சேர்கிறவர்கள் சுமார் நானூறு பேர். சங்கரன்கோவில் பெண்ணும் அந்த நானூறில் ஒருத்தி. ஆனால் அன்று காலை அதை அவள் முகத்தில் யாரும் படித்திருக்க முடியாது. கோவையில் இன்ஜினியரிங், சென்னையில் இரண்டு வருஷம் ஐ.டி. வேலை. ஆங்கிலம் தெரியாதவள் இல்லை. யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்வாள்; சொல்வதற்கு முன் ஒரு நொடி நிற்பாள். அந்த ஒரு நொடிக்குள் கேட்டவர் வேறு யாரிடமாவது திரும்பிவிடுவார். இது நாலைந்து முறை நடந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறியது.

இங்கே பேச்சுக்கு மதிப்பெண் உண்டு. பாடம் பெரும்பாலும் கேஸ் முறை: ஏதாவது ஒரு நிறுவனத்தின் சிக்கலை எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். இரவில் படித்துவிட்டு வந்து வகுப்பில் வாதாட வேண்டும். 1961-இல் தொடங்கிய கழகம் தன் ஆரம்ப ஆண்டுகளில் ஹார்வர்டோடு ஒப்பந்தம் போட்டு, ஆசிரியர்களை அங்கே அனுப்பிக் கொண்டுவந்த முறை இது. வகுப்பறையும் அதற்கேற்பத்தான். படிப்படியாக உயரும் இருக்கைகள், ஒவ்வொன்றின் முன்னாலும் பெயர்ப்பலகை. பின்வரிசை என்று ஒளிந்துகொள்ள இடமில்லை. கையைத் தூக்கிப் பேசினால்தான் மதிப்பெண். அதை கிளாஸ் பார்ட்டிசிபேஷன், சுருக்கமாக சி.பி. என்கிறார்கள். ஒரு நொடி நிற்கிறவளுக்கு இந்த அறை என்ன செய்யும் என்ற கவலை எனக்கு வந்துவிட்டது.

அவள் அப்பாவுக்கு நேர்மாறான சங்கடம். அவர் குரல் பெரிது. தறிக்கொட்டகையில் நாடா அடிக்கும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வந்த குரல். பதிவு மேசையில், "அண்ணாச்சி, கையெழுத்து எங்க போடணும்னு கேளுங்க" என்று அவர் சொன்னதும் நாலு மேசைக்காரர்களும் நிமிர்ந்தார்கள். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தது என் காதோரம் மட்டும்தான். உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாருமே இங்கிலீஷ்லதான் பேசுதாவ, என்ன?"

கொஞ்ச நேரம் கழித்து ஒன்றைப் பார்த்தேன். மகள் மாணவர் கூட்டத்தோடு சதுக்கத்தின் அந்தக் கோடியில் நின்றாள். அப்பா இந்தக் கோடியில், மர நிழலில். நடுவே நல்ல தூரம். அவள் திரும்பி உதட்டை மட்டும் அசைத்தாள். இவர் விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோய், தலையை ஆட்டினார். அவள் புருவத்தை உயர்த்தினாள். இவர் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறாள். சாப்பிட்டேன், நீ உன் வேலையைப் பார் என்கிறார். தறிக்கொட்டகையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது கைவந்த பேச்சு. சத்தத்துக்கு நடுவே உதட்டைப் படித்தே பேசி வளர்கிறார்கள். காலையிலிருந்து அத்தனை கூட்டத்தில் அவள் தயங்காமல் பேசியதை நான் பார்த்தது அப்போதுதான்.

இந்தக் கழகத்துக்கும் தறிக்கும் இருக்கும் உறவை அந்த மரத்தடியில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இதைக் கட்டி எழுப்ப முன்னின்றவர்கள் விக்ரம் சாராபாயும் கஸ்தூர்பாய் லால்பாயும். இருவருமே அகமதாபாத் மில் முதலாளிக் குடும்பத்தவர்கள். சாராபாய் விண்வெளி ஆராய்ச்சியில் பேர் வாங்குவதற்கு முன்பே இந்த ஊரில் ஜவுளி ஆலைகளுக்காக அட்டிரா என்ற ஆராய்ச்சி நிலையத்தை நடத்தினார். பருத்தியில் சம்பாதித்த ஊர் எழுப்பிய கல்விக்கூடம் இது. அதே மில்களில் வேலை பார்க்கத்தான் தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்து மணிநகரைச் சுற்றிக் குடியேறின. 1980-களிலும் 90-களிலும் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. மணிநகரில் தமிழ்வழிப் பள்ளி ஒன்று இருந்தது; அதையும் 2020-இல் மூடிவிட்டார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வஸ்திராபூரில் இருக்கும் இந்தக் கழகம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிற மதில். நானும் அப்படிப் பார்த்தவன்தான். தறி ஓட்டுகிற ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வாசல் வழியாக நிமிர்ந்து உள்ளே வந்ததை என் கண்ணால் பார்த்தது எனக்கு எவ்வளவு பெரியது என்று அவரிடம் சொல்லவில்லை.

அவர் செங்கல் வளைவுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் கான்கிரீட் உத்தரம் கட்டி, மேலே செங்கல்லை வில்லாக வளைத்திருக்கிறார் இதை வடிவமைத்த லூயி கான். இந்த வெயிலுக்காகத்தான் அகன்ற தாழ்வாரங்களும் ஆள் உயரத்துக்கு மேல் போகும் வட்டத் திறப்புகளும். 1962-இல் பொறுப்பேற்ற அந்த அமெரிக்கர், 1974-இல் இங்கே வந்து திரும்பும் வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் இறந்துபோனார். விசைத்தறிக்காரர் ஒரு தூணருகே போய்ச் சந்துகளைத் தொட்டுப் பார்த்தார். "சுத்தமா வேலை பாத்துருக்கான்" என்றார்.

பிறகு அரங்கத்தில் உரைகள் நடந்தன. தலைமை, சமூகப் பொறுப்பு, தோல்வியைக் கண்டு அஞ்சாமை. நல்ல பேச்சுகள்தான். கடைசி வரிசைகளில் பெற்றோர். உள்ளே போவதற்கு முன் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கையில் தன்னார்வலர் பட்டையோடு, எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு வந்தாள். திண்டுக்கல்காரி. "அப்பா, நீங்க பின்னாடி உட்காருங்க, நான் தங்கச்சியக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது: "முதல் வாரத்துலயே ஒரு தடவ கையத் தூக்கிடு. தப்பா இருந்தாலும் பரவால்ல. தள்ளிப் போட்டா அப்புறம் தூக்கவே வராது. எனக்கு ஒரு டெர்ம் போச்சு." மேடையில் அன்று கேட்ட எதையும்விட இது அவளுக்கு உதவும் என்று அப்போதே நினைத்தேன்.

உரைகள் முடிந்ததும் வகுப்பு எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு மாதிரி வகுப்பு. பேராசிரியர் ஒரு பக்கக் கேஸ் ஒன்றை எல்லாருக்கும் கொடுக்கச் சொன்னார். படுக்கை விரிப்பு நெய்யும் சிறு ஆலை. பாதித் தறிகள் சும்மா நிற்கின்றன. ஒரு விரிப்புக்கு நூல், கூலி, மின்சாரம் சேர்த்து 180 ரூபாய். வாடகை, வட்டி எல்லாம் பங்கிட்டுச் சேர்த்தால் 215. வெளியூர் வியாபாரி ஒருவர் 5,000 விரிப்பு கேட்கிறார். 190 ரூபாய்தான் தருவாராம். வாங்கலாமா, விடலாமா?

கைகள் எழுந்தன. நட்டத்துக்கு விற்கக் கூடாது என்றான் ஒருவன். வாடகையும் வட்டியும் தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகிற காசு, அதை இதில் சேர்க்கக் கூடாது, விரிப்புக்குப் பத்து ரூபாய் லாபம் என்றாள் ஒருத்தி. 50,000 என்று பலகையில் எழுதினார் பேராசிரியர். தலைகள் ஆடின. பக்கத்தில் இருந்த விசைத்தறிக்காரருக்கு நான் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அகலம் என்ன போட்டுருக்கு?"

தாளைப் பார்த்தேன். வியாபாரி கேட்பது அகலமான விரிப்பு என்று கீழே ஒரு வரி இருந்தது.

அப்போது மூன்றாம் வரிசையில் சங்கரன்கோவில் பெண்ணின் கை எழுந்தது. பேராசிரியர் தலையசைத்தார். அந்த ஒரு நொடி வந்தது. அவர் வேறு யாரிடமும் திரும்பவில்லை, காத்திருந்தார். பிறகு அவள் பேசினாள். அப்பாவின் குரல். தறிக்கு மேலே எழும் குரல். அரங்கம் திரும்பிப் பார்த்தது. அகலம் மாறினால் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலையே மாற்ற வேண்டும், அச்சை மாற்றி விழுதில் இழை இழையாகக் கோக்க வேண்டும், அத்தனை நேரமும் தறி நிற்கும், கோக்கிறவருக்குக் கூலி தனி, அது இந்த 180-க்குள் இல்லை என்றாள். பேராசிரியர் பலகையில் 50,000-க்குக் கீழே ஒரு கழித்தல் குறி போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்தார்.

உடனே வலப்பக்கத்திலிருந்து ஒரு பையன் எழுந்தான். அது ஒரு முறைச் செலவு. 5,000 விரிப்பில் பங்கிட்டால் சில ரூபாய்கூட வராது, முடிவு மாறாது என்றான். தெளிவாக, வேகமாகச் சொன்னான். சிலர் மேசையைத் தட்டினார்கள்.

"அந்தப் பையன் என்ன சொல்லுதான்?"

சொன்னேன்.

அவர் முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் எழும்பினார். "ஆர்டர் முடிஞ்சா பழைய பாவுக்குத் திருப்பி மாத்தணும்லா? ரெண்டு செலவு. அத விட்டுட்டானே" என்றார். இந்த முறை உதட்டை மறைக்கவில்லை. எங்களுக்கு முன் வரிசையில் இருந்த பெற்றோர் இருவர் திரும்பினார்கள், அவர் கவனிக்கவில்லை. "பாருங்க அண்ணாச்சி, புள்ள மறுபடியும் கையத் தூக்கிட்டா."