அந்த ஒன்றரை வருஷம்

கிராம சுகாதார செவிலியராக நாங்குநேரி வட்டாரத்தில் முப்பது வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். காப்பர்-டி, மாலா-என் மாத்திரை என்று கருத்தடை பற்றித் தயங்காமல் பேசிப் பழகிய வாய். ஆனாலும் என் அண்ணன் மகளிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அவளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. மூன்று மாதம், நாலு மாதத்துக்கு ஒருமுறைதான் தூரம். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் வயிற்றில் தங்கவில்லை. எடை 110 கிலோவைத் தொட்டதும், வெளியூரில் இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டாள். ஐந்தாம் மாதம் ஒருநாள் காலையில் வந்து, "அத்தே, நாள் தள்ளிப்போயிருக்கு" என்றாள். பட்டாசலில் உட்கார்ந்து பரிசோதனை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே கோடு. அவள் அழுதாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். தடுப்பு ஏதாவது எடுத்தாயா என்று அப்போதுதான் கேட்டேன்.

"எனக்குத்தான் பிள்ளையே தங்காதுன்னு சொல்லிட்டாவளே, பிறகு எதுக்குத் தடுப்பு?" என்றாள். அங்கேதான் பல பெண்கள் ஏமாந்துபோகிறார்கள். எடை இறங்க இறங்க நின்றுபோன முட்டை மறுபடி வெளிவரத் தொடங்கும், தூரம் சீராகும். ஆறு வருஷம் வராத கரு ஆறே மாதத்தில் வந்துவிடலாம். ஆனால் அந்தச் சமயத்தில் உடம்பு பட்டினி கிடக்கும் உடம்பு. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12, கால்சியம் எல்லாமே குறையும். அதனால்தான் 12 முதல் 18 மாதம் வரையாவது பொறுக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

பழக்கத்தில் மாலா-என் வாங்கித் தருகிறேன் என்றேன். அதுவும் தப்பு என்று மகப்பேறு மருத்துவர் விளக்கினார். பைபாஸில் குடலின் முதல் பகுதிக்கே சாப்பாடு போகாது. விழுங்கும் மாத்திரை முழுசாக ரத்தத்தில் சேரும் என்று நம்ப முடியாது. கால்வாயை வேறு பக்கம் வெட்டிவிட்டால் பழைய வயலுக்குத் தண்ணீர் பாயுமா? இரைப்பையை மட்டும் சுருக்கும் ஸ்லீவ் அறுவையில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. ஆகவே எந்த அறுவை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி வயிற்றை நம்பி இல்லைதான். ஆனால் அது எலும்பின் வலுவைக் குறைக்கும். நிறுத்திய பிறகும் கரு நிற்கப் பல மாதம் ஆகலாம். பிள்ளைக்கு ஏங்குகிறவளுக்கு அது எதற்கு? காப்பர்-டி அரசு மருத்துவமனையில் காசில்லாமல் போடுகிறார்கள்; எடுத்ததும் கரு நிற்கலாம். பிள்ளை பெறாதவளுக்குப் போடக்கூடாது என்பது வெறும் பேச்சு. ஒன்று மட்டும் உண்டு, உதிரப்போக்கு கூடும். அதனால் இவளுக்கு ரத்த அளவைப் பார்த்த பிறகுதான் போட்டார்கள். ரத்தசோகை இருந்தால் உதிரப்போக்கைக் குறைக்கும், கருப்பையில் வைக்கும் ஹார்மோன் வளையம் நல்லது, விலைதான் அதிகம்.

போன மாதம் வானமாமலைப் பெருமாள் கோயில் வாசலில் தெரிந்த பெண் ஒருத்தி என் அண்ணன் மகளிடம், "இவ்வளவு மெலிஞ்சிட்டியே, விசேஷம் உண்டா?" என்று கேட்டாள். அண்ணன் மகளின் மாமியார் முந்திக்கொண்டார். "டாக்டர் நாள் சொல்லியிருக்காவ. அதுவரைக்கும் யாரும் கேக்காதிய."