ரேடியேட்டரில் தங்கும் காற்று

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துச் செங்கல் வரிசை வீடுகளில், அக்டோபர் பிறந்து குளிர் ஏறத் தொடங்கியதும் வெப்பமூட்டும் அமைப்பை இயக்குவோர் பலர் காணும் முதற்குறை, சன்னலுக்கு அடியில் மாட்டியிருக்கும் ரேடியேட்டர் கீழே கை வைக்க முடியாதபடி சுட்டும், மேலே சில்லென்றும் இருப்பதாகும். பாய்லரிலிருந்து வரும் வெந்நீர் உள்ளே சுற்றி அறைக்குச் சூடு தரும் எஃகுப் பலகையே ரேடியேட்டர். குழாய் நீரில் கரைந்திருக்கும் காற்று சூடு ஏறும்போது பிரிந்து, எடை குறைந்ததாகையால் பலகையின் மேல்விளிம்பில் தேங்கி, வெந்நீர் அங்கே ஏறவிடாமல் தடுத்துவிடுகிறது. மாறாக, மேற்புறம் சுட்டு அடிப்புறத்தின் நடுப்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால், அங்கே சேறு படிந்திருக்கிறது என்று பொருள். காற்றை வெளியேற்றுவதால் அந்தக் குறை தீராது. ஆகவே தேர்ந்த பணியாளர் கருவிப்பையைத் திறக்குமுன் உள்ளங்கையால் பலகையை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்க்கிறார்.

தேங்கிய காற்றை வெளியேற்ற, பாய்லரையும் நீரைச் சுற்றவிடும் பம்பையும் முதலில் நிறுத்துகிறார்கள். பம்பு ஓடும்போது காற்றை வெளிவிடும் திருகைத் திறந்தால் சில அமைப்புகளில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படக்கூடும், கொதிநீர் தெறித்துக் கையும் வெந்துபோகும். ஆறியபின் கீழ்த்தளத்தில் தொடங்கி மேல்தளத்துக்குச் செல்வது பொதுவழக்கம். பலகையின் மேல்மூலையில் உள்ள சிறு திருகின் சதுரத் தலையில் பித்தளைச் சாவியைப் பொருத்தி, அடியில் பழந்துணியைப் பிடித்துக்கொண்டு, இடப்புறமாகக் கால் சுற்று மட்டும் திருப்புகிறார்கள். பல தலைமுறைச் சாயப்பூச்சு திருகை மூடியிருக்கும் வீடுகளில், அதைக் கத்திமுனையால் சுரண்டி எடுத்தபிறகே சாவியில் கை வைக்கும் பொறுமை பாராட்டத்தக்கது. அவசரப்பட்டு முறுக்கினால் சதுரத்தலை மழுங்கி, சில நிமிட வேலை அரைநாள் வேலையாகிவிடும்.

திருகு இளகியதும் முதலில் சீறல் எழுகிறது. பிறகு காற்றும் நீரும் கலந்து துப்புகின்றன. நீர் மட்டும் இடையறாது கசியத் தொடங்கியதும் திருகு மூடப்படுகிறது. இந்த வேலையின் நுட்பமெல்லாம் துணியில் விழும் நீரைக் கண்டு அமைப்பின் நிலையை அறிவதில் இருக்கிறது. தெளிந்த நீர் நலத்தின் அறிகுறி. மை போலக் கறுத்த நீர், எஃகு உட்புறம் அரித்து, மேக்னடைட் என்னும் காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்பு ஆக்சைடாக மாறி வருவதைக் காட்டுகிறது. அவ்வாறு மாறும்போது ஹைட்ரஜன் வாயுவும் பிறக்கிறது. எனவே மேலே தேங்கியிருப்பது எப்போதும் வெறும் காற்று அன்று. வெளிவரும் வாயுவில் தீக்குச்சியைக் காட்டி, சுடர் எழுகிறதா என்று பார்க்கும் பழக்கம் முன்பு சில பணியாளரிடம் இருந்தது. ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும் என்பதால் அது கைவிடத்தக்கது.

மூடிய அமைப்புகளில் காற்று வெளியேறியபின் அழுத்தம் குறைவதால், பாய்லரின் அழுத்தமானியைப் பார்ப்பது வேலையின் பிரிக்க முடியாத பகுதி. நீர் ஆறியிருக்கும்போது முள் பெரும்பாலும் 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும்; 1 பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். குறைந்திருந்தால், குடிநீர்க் குழாயோடு இணைக்கும் பின்னல் குழாய் வழியாகப் புதுநீரை ஏற்றி ஈடுசெய்கிறார்கள். மேல்மாடத் தொட்டியோடு இணைந்த பழைய அமைப்புகளில் தொட்டி தானே ஈடுசெய்துவிடும்.

பிரிட்டனில் எரிவாயு இணைப்பில் கைவைப்போர் 2009 முதல் கேஸ் சேஃப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும். காற்றை வெளியேற்றுவதற்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் வீட்டார் தாமே அதைச் செய்துகொள்வதுண்டு, செய்யவும் வேண்டும். ஆயினும் ஒரே ரேடியேட்டர் சில வாரங்களுக்கொருமுறை சீறுமானால், மீண்டும் மீண்டும் திருகைத் திறந்து புதுநீர் ஏற்றுவது கேட்டையே வளர்க்கும். ஏனெனில் ஒவ்வொரு முறையும் உள்ளே போகும் நீர் தன்னோடு ஆக்சிஜனையும் கொண்டுபோய் அரிப்புக்கு இரை தருகிறது. அத்தகைய வீட்டில் பணியாளர் சாவியை வைத்துவிட்டு, தரைப்பலகைகளுக்கு அடியில் ஓடும் இணைப்புகளில் கசிவைத் தேடுகிறார். கண்டதை அடைத்து, கறுத்த நீரை வெளியேற்றிக் கழுவியபின், அரிப்பைத் தடுக்கும் மருந்தைப் புதுநீரில் கலந்து, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டியைப் பொருத்துகிறார்.