எண்ணெய் ஒழுகிய வாள்

நமது வளவின் வேலியோரம் நின்ற பழைய வேம்பு, 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் நாளிரவு கரைகடந்த புரெவிப் புயலிலே வேரோடு சாய்ந்தது. கிணற்றுக்கட்டிலிருந்து பத்து முழத் தொலைவில் அது குறுக்கே கிடந்தது. மரம் அரியும் சங்கிலி வாளொன்று வீட்டில் இருப்பின் என்றும் உதவுமெனக் கருதி, பாவித்த வாளொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினோம்.

விறகுக் கொட்டிலில் வைத்த மறுநாட் காலையில் வாளின் கீழே எண்ணெய் வட்டமாகப் படிந்திருந்தது. துடைத்துவிட்டோம், அடுத்த நாளும் அவ்வாறே படிந்திருந்தது. "ஓட்டைச் சாமானை உங்கட தலையில கட்டிப்போட்டாங்கள்" என்று இல்லாள் தீர்ப்புக் கூறினார். நாமும் அதனை நம்பினோம். வாளின் அடிப்புறத்தில், எண்ணெயைக் கூட்டவும் குறைக்கவும் அமைந்த சிறு திருகாணியொன்று கண்ணிற்பட்டது. அதனை முற்றாகக் குறைத்துவிட்டு, ஒழுக்கை அடைத்துவிட்டோமென்று உள்ளூரப் பெருமையும் கொண்டோம்.

மரம் அரிய வந்தவன் முன்னர் நம்மிடம் பயின்ற மாணவன். இன்று அதுவே அவன் சீவனோபாயம். தன் வாள் பழுதுபட்டிருந்தமையால் நமது வாளையே கையிலெடுத்தான். கிளைகள் இலகுவில் விழுந்தன. அடிமரத்திலே வாள் பாதி இறங்கிய வேளையில் புகை கிளம்பிற்று. இரும்பு கருகும் நெடி மூக்கைத் துளைத்தது. மறுகணம் சங்கிலி தகட்டை விட்டுக் கழன்று தெறித்தது. அவனது காற்சட்டை முழங்காலருகே கிழிந்தது, காலுக்கு ஊறில்லை. முழு வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 20 மீற்றர் ஓடும் சங்கிலி அது. நாம் வாயடைத்து நின்றோம்.

பொறியை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, அவன் பக்கமூடியைக் கழற்றினான். தகட்டின் விளிம்பு நீலம் பாரித்திருந்தது. எண்ணெய் வந்து சேரவேண்டிய சிறு துளையை மரத்தூளும் பழைய எண்ணெயும் களிபோல் அடைத்திருந்தன. திருகாணியையும் பார்த்தான், பிறகு நம்மைப் பார்த்தான்.

"சேர், நிக்கிற வாள் ஒழுகுது எண்டு பயப்பிடாதேங்கோ. ஓடுற வாளிலை எண்ணெய் வராட்டித்தான் பயப்பிட வேணும்."

பின்னர் அவன் விளக்கியவற்றை, முன்வாங்கில் இருந்து கேட்கும் பிள்ளையைப் போலக் கேட்டோம். நமது வாளிற் சங்கிலி சுழலும்போது மட்டுமே பம்பு எண்ணெயை இறைக்கும். வேலை முடிந்தபின் தகட்டின் பள்ளத்திலும் மூடியின் உட்புறத்திலும் தங்கிய எண்ணெய் இரவிலே மெல்ல வடிகின்றது. தகரக் கொட்டிலின் வெப்பத்தால் தொட்டியினுள் அமுக்கம் மிகுந்தாலும் சிறிது கசியும். திருகாணியைக் குறைப்பதால் இக்கசிவு நிற்பதில்லை; சங்கிலிக்குச் சேரவேண்டிய எண்ணெயே குறைகின்றது. எண்ணெய் காணாத சங்கிலி சூடேறி, நீண்டு, தளர்ந்து கழலும். ஓரிரவில் தொட்டி முழுவதும் வடிந்துவிடுமாயின், மூடியின் றப்பர் வளையத்தையோ எண்ணெய்க் குழாயையோ சோதித்தல் வேண்டும்.

துளையையும் பள்ளத்தையும் மெல்லிய கம்பியாற் சுரண்டித் துப்புரவாக்கினான். இரு பக்கமும் ஒரே அளவில் தேயும்பொருட்டுத் தகட்டைப் புரட்டிப் பூட்டினான். திருகாணியைப் பழைய நிலைக்குத் திருப்பி, வேறு சங்கிலி மாட்டி, வாளின் நுனியை வெள்ளைக் கடதாசிக்கு ஒரு சாண் மேலே பிடித்துப் பொறியை முடுக்கினான். கடதாசியில் எண்ணெய்த் துளிகள் கோடாகத் தெறித்தன. வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் செய்யத்தக்க சோதனை இஃதே. பெற்றோல் ஊற்றும்போதெல்லாம் எண்ணெயும் ஊற்றல் வேண்டும். பெற்றோல் தீர்ந்தும் எண்ணெய் குறையாதிருப்பின், ஏதோ அடைத்திருக்கின்றது என்பதே பொருள்.

எண்ணெய் ஊற்றுவதற்காக நமது கலனைத் திறந்தவன் முகம் சுளித்தான். அதிலிருந்தது கராச்சில் மலிவாகப் பெற்ற கழிவு ஒயில்.

"சேர், இதுவும் வேண்டாம். நானும் கனகாலம் இதைத்தான் ஊத்தினனான். கையெல்லாம் தோல் உரிஞ்சுது. பம்பும் போச்சுது. இது திரும்பி வாற எண்ணெய் இல்லை; எல்லாம் நிலத்துக்குத்தான் போகுது. கிணறு பக்கத்திலை கிடக்குது."

நாம் கற்பிப்பது புவியியல். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கல்லினுள் தேங்கும் மழைநீரே நம் குடிநீர். மேலே ஊற்றுவது கீழே இறங்கும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டுகின்றோம். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த பெருங்கலக்கத்தையும் வகுப்பிலே எடுத்துரைத்தவர்கள்தாம். கொட்டிலின் சீமெந்துத் தரையிற் படிந்த கறைக்காக வருந்திய நாம், உலோகத்தூளும் எரிந்த கசடும் கலந்த ஒயிலை நம் கிணற்றருகே விசிறத் துணிந்ததை ஒரு கணமும் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்று வேலை நின்றது. மறுநாள் கடையிற் சங்கிலி எண்ணெய் வாங்கி வந்தபின்னரே அடிமரம் அரியப்பட்டது. கூலியோடு காற்சட்டைக்கும் பணம் கொடுத்தோம். கூலியை மாத்திரம் எண்ணி எடுத்துக்கொண்டான். தாவர எண்ணெயிலிருந்து செய்யப்படும் சங்கிலி எண்ணெயும் உலகில் உண்டு என அவனுக்குக் கூறினோம். அது மண்ணில் விரைவிற் சிதையும். பாவியாது நெடுநாள் வைத்தால் பிசினாக இறுகும். "அப்ப வேலை முடிய வடிச்சுத் துடைச்சு வைக்க வேணும்" என்றான். அவ்வளவேனும் நம்மிடம் அவன் கற்க இருந்தது.

இப்போதும் நமது வாள் கொட்டிலிற் சிறிது ஒழுகத்தான் செய்கின்றது. அதன் கீழே பழைய தகரத் தட்டொன்றை வைத்திருக்கின்றோம். திருகாணியை நாம் தொடுவதில்லை.